அணைக்காமல் வைத்திருந்த கணினி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். கடைக்குள் வருகிறவர்களில் பாதிப்பேர் என் தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்து, "திருத்திறவர் இல்லையோ?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால், "இல்லை, கொம்பியூட்டர் திருத்திறவர்" என்று எனக்கே விளக்கம் சொல்வார்கள். மற்றப் பாதிப்பேர் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுத் திரையை மட்டும் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள். படம் தெரிவது திரையில்தானே, அப்போ பழுதும் அதில்தான் என்பது அவர்கள் கணக்கு. இரணை இலுப்பைக்குளத்திலிருந்து இரண்டு பஸ் ஏறித் திரையோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிய நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியைத் திறந்து காட்டினால் அவர்களுக்கு ஏமாற்றம். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. உப்புக் காற்றில் ஓரம் கறுத்த ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு காற்றாடி, காற்றாடிக்குக் கீழே பிஸ்கட் அளவில் ஒரு சில்லு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கணினியின் மூளை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சுவிட்சுகள். ஒரு சுவிட்சில் மின் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். அதை வைத்துக்கொண்டு இரண்டு எண்ணைக் கூட்டும், எது பெரிது என்று பார்க்கும், பார்த்ததற்கு ஏற்றபடி அடுத்த கட்டளைக்குப் போகும். கண்மூடித் திறப்பதற்குள் இதைக் கோடி தடவை செய்வதால் யோசிக்கிற மாதிரித் தெரிகிறது. வேகத்தைப் புத்தி என்று நினைத்து ஏமாறுகிறோம். மனிதர்களிடமும் அப்படித்தான் ஏமாறுகிறோம், அதை விடுவோம்.

கூட்டிக் கழிக்கிற எண்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அதற்குத்தான் ராம் என்ற நீளமான பட்டி. அதில் இருப்பது மின்னைத் தேக்கும் நுண்ணிய குழிகள். ஓட்டைப் பானை மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுக ஒழுக நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் நின்ற மறுகணம் எல்லாம் வற்றிவிடும். ஹார்ட் டிஸ்க் வேறு சாமான். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் சுழலும். அவற்றில் ஒன்றும் பூச்சியமும் காந்தப் பொட்டுகளாகப் பதிந்திருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. நாங்கள் சேமித்து வைக்கிற படம், பாட்டு, கடிதம் எல்லாம் இருப்பது இந்தத் தட்டில்தான். நாமாக அழிக்கும்வரை இருக்கும், அழித்த பிறகும் கொஞ்சக் காலம் இருக்கும். இதை ஒரு பள்ளிப் பிள்ளைக்கு யாராவது ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அந்தப் பிள்ளையின் தாய்தான் முதலில் வந்தார். தவக்காலம் தொடங்குவதற்கு முன். மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம் அவர்களுடையது. துக்க வீட்டு உடுப்போடு வாசலில் நின்று, என் தலைக்கு மேலால் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார். அதற்காகவே அவரைக் கதிரையில் இருத்தினேன்.

"தங்கச்சி, கொம்பியூட்டர் பார்க்கிறது நீங்கள்தானே?"

"ஓம். எங்க, கொண்டு வந்தனீங்களோ?"

"அதைக் கொண்டு வரேலாது. நீங்கள்தான் வீட்டை வரவேணும்."

"ஏன் அக்கா, அவ்வளவு பாரமோ?"

"பாரமில்லை. நூர்க்கேலாது. நூத்தா அவரின்ர குரல் போயிடும்."

நூர்ப்பது என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கை அணைப்பது. கணினிக்கும் அதே சொல்தான். அப்படி ஒன்றும் போகாது, நூத்துப்போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ என்று கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் எழும்பவில்லை. அழவும் இல்லை. சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றியபடி நடந்ததைச் சொன்னார்.

அவருடைய கணவர் கடற்றொழிலாளி. தவக்காலத்தில் கோயிலில் பசான் பாடுகிறவர். பசான் என்பது யேசுவின் பாடுகளை நினைத்து ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுவது. போன வருசம் மகள் அதைத் தன் போனில் பதிந்திருக்கிறாள். தரம் குறையக் கூடாது என்று சுருக்காத கோப்பாகவே பதிந்தாள். அதில் போன் நிறைந்துவிட, கோப்பைக் கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்துவிட்டாள். நத்தார்த் திருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அந்த மனிதர் கரையில் வலை திருத்திக்கொண்டு இருந்தபடியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வரும்போது அவருடைய குரலைப் போடவேண்டும் என்பது தாயின் ஆசை. படங்கள் நிறைய இருந்தன. குரல் இது ஒன்றுதான்.

செத்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து கணவரின் தமக்கையின் மகன் வந்திருக்கிறான். பிள்ளை படிக்கிற கணினி இப்படி ஊர்கிறதே என்று இரக்கப்பட்டிருக்கிறான். கோப்புகளைப் பருமன் வாரியாக அடுக்கி, மிகப் பெரியவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறான். நல்ல பெடியனாம், கேட்காமலே செய்து தந்தானாம். கேட்காமலே செய்து தருகிற நல்லவர்களால்தான் என் கடையே ஓடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தாய் குரலைக் கேட்க ஆசைப்பட்டபோதுதான் மகள் தேடியிருக்கிறாள். அன்று முதல் அந்தக் கணினியை அணைக்கவே இல்லை.

கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சந்தியில் கழுதைகள் நடுத்தெருவில் நின்று வழி விடமாட்டோம் என்று அடம்பிடித்தன. அவற்றுக்கும் ஏச்சு விழுந்தது.

முன் அறையில் திரு இருதயப் படத்துக்குக் கீழே கணினி ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி இரைகிற சத்தம் வாசலிலேயே கேட்டது. பக்கத்தில் மீன்பிடி வள்ளத்துப் பற்றறி, அதில் பொருத்திய இன்வேட்டர். கரண்ட் வெட்டு நீண்டால் ஒரு பற்றறி போதாது என்று தாய் அயல் வள்ளக்காரரிடம் இன்னொன்றை வாங்கி, மணலுக்குள்ளால் இடுப்பில் சுமந்துகொண்டு வருவாராம். யாராவது வயரில் காலைப் போட்டுவிடுவார்கள் என்று அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். அந்த அறைக்குள் உறவுக்காரரின் பிள்ளைகளை விடுவதில்லை. கூட்டுகிறதுமில்லை. ஒரு நோயாளியைக் கூட யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். மெலிந்த, கண் பெரிய பிள்ளை. என்னைக் கண்டதும் எழும்பி நின்று பாடம் ஒப்புவித்தாள்.

"அன்ரி, ராம் என்பது அழியும் நினைவகம். மின் துண்டிக்கப்பட்டால் அதிலுள்ள தரவுகள் யாவும் இழக்கப்படும். அழிச்ச ஃபைல் உடனே போகாது, உள்ளுக்க கிடக்கும் எண்டு இன்டர்நெட்டில பார்த்தனான். அப்ப நூத்தா அதுவும் சேர்ந்து போயிடும்தானே? அதுதான் நூர்க்காமல் வைச்சிருக்கிறம்."

இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதுதான் பிழை. கோப்பு இருப்பது தட்டில். வற்றிப்போகிற பட்டியில் அல்ல. நான் மெல்லக் கேட்டேன், "பள்ளியில ஒரு நாளாவது பெட்டியைத் திறந்து காட்டினவையோ, மகள்?"

"லாப் பூட்டிக் கிடக்கும் அன்ரி. அதிகாரிமார் வந்தால்தான் திறக்கிறது. போர்டில கீறித்தான் படிப்பிச்சவை. நான் இந்தப் பாடத்துக்குத்தான் வகுப்பில முதலாவது."

அப்படிப்பட்ட அறைகளுக்கு என்னையும் கூப்பிடுவார்கள், மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதற்கு முதல் நாள். பிளாஸ்டிக் உறை கழற்றாத திரைகள், விசைப்பலகைக்கு மேலே குஞ்சம் வைத்துத் தைத்த துணி, சுவரில் சரஸ்வதி, மாதா, கஃபா எல்லாம் வரிசையாக. அறையின் திறப்பு, அதாவது சாவி, பள்ளி அதிபரின் மேசை லாச்சிக்குள். பழுதாகிவிடும் என்ற பயத்தில் பாவிக்காமலே பழுதாக்கிய கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுப்பார்கள். கேள்வித்தாளில் அந்த வரி சரி. வீட்டில் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எந்த வாத்தியாருக்கும் கவலையில்லை. எனக்கு அவர்கள் மீது இருக்கிற வயிற்றெரிச்சலுக்கு அளவில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு நின்றது. புதுப்பித்தல்கள் இறக்கப்பட்டுவிட்டன, கணினியை மீளத் தொடக்கவும் என்று. பல நாளாக அப்படிக் கேட்கிறதாம். அவள் ஒவ்வொரு நாளும் 'பிறகு' என்பதை அழுத்தி அழுத்தித் தப்ப வைத்திருக்கிறாள். ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய ரவுட்டரும் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. நான் தட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்தேன். கொழும்புப் பெடியன் காலி செய்த இடத்தில் பெரும்பகுதி நிறைந்திருந்தது. சும்மா இருக்கிற கணினி என்று ஒன்று கிடையாது. நாங்கள் கை வைக்காவிட்டாலும் அது இணையத்திலிருந்து எதையாவது இறக்கும், குறிப்பெழுதும், ராம் பட்டியில் இடம் போதாவிட்டால் தட்டில் கொண்டுபோய் வைக்கும். வைப்பதற்கு இடம் தேடும்போது, அழித்த கோப்பு கிடக்கிற இடம்தான் அதற்குக் காலி நிலம்.

அழிப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களான எங்களை எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றியபோது நான் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். ஊரில் எங்கள் பெயர் இல்லாமல் போயிற்று. ஆனால் பெயர் போன அன்றைக்கே வீடு போய்விடவில்லை. சுவர் நின்றது, உம்மாவின் அலுமாரி நின்றது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. யாரும் கை வைக்காத வீடுகளுக்குத் திரும்பி வந்தவர்கள் பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆட்கள் புழங்கி, ஓடுகளையும் கதவு நிலையையும் கழற்றிக்கொண்டு போன வளவுகளில் அடையாளம் பிடிக்கவும் ஒன்றும் இல்லை. எங்கள் வீடு அந்தச் சாதி. தட்டிலும் அதே கதைதான். அழி என்று சொன்னால் கணினி கோப்பைத் தொடுவதில்லை. எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதில் அந்தப் பெயருக்கு எதிரே 'காலி' என்று போட்டுவிடும். அவ்வளவுதான். பிறகு யாரும் குடிவராமல் இருந்தால் முழுவதையும் மீட்கலாம். குடிவராமல் இருக்க ஒரே வழி, உடனே அணைப்பது.

இதை நான் அந்த முன் அறையில் நின்று, எருக்கலம்பிட்டிக் கதையையும் சேர்த்து, மகளுக்குச் சொன்னேன். தாய் அடுப்படியில் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வசனத்தை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. பாதியிலேயே பிள்ளையின் முகம் மாறியது. அந்த அறிவிப்பைப் பார்த்தாள், ரவுட்டரைப் பார்த்தாள், பற்றறியைப் பார்த்தாள். போர்டில் கீறிப் படித்த பிள்ளை, ஒரு நிமிசத்தில் விளங்கிக்கொண்டாள். எழும்பிப் போய் இன்வேட்டரின் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

காற்றாடிச் சத்தம் நின்றது. அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு வந்த அந்த அமைதியைக் கேட்டுத்தான் தாய் ஓடிவந்தார். கறுத்த திரையைக் கண்டார், மகளின் கையில் வயரைக் கண்டார்.

"கொன்றுபோட்டியேடி! அப்பாவைக் கொன்றுபோட்டியே!"

கன்னத்தில் இரண்டு அடி. மூன்றாவதை நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "அக்கா, அவள் செய்ததுதான் சரி. நூர்க்கத்தான் வேணும்" என்று கத்தினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. நீங்கள் அவளுக்காகக் கதைக்கிறியள் என்று சொல்லிவிட்டு நிலத்தில் உட்கார்ந்து பற்றறியில் தலையை முட்டிக்கொண்டார். பிள்ளை கன்னத்தைத் தொடவும் இல்லை. வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். அதை என் கணினியில், எழுத முடியாதபடி, வாசிக்க மட்டும் பொருத்தினேன். தட்டின் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்க்கிற மென்பொருள் இருக்கிறது. அது தேடி முடிக்கும்வரை மீன் சந்தைக்குப் போய்வந்தேன், தொழுதேன், வந்தவர்களோடு சண்டை பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. 'அப்பா பசான்'. நீளம் சரி, பருமன் சரி. ஒரு கணம் நானும் முட்டாள்தனமாகச் சந்தோசப்பட்டேன்.

குரலை எண்ணாக்குவது இப்படித்தான்: பேசும்போது காற்று நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, அளவை எண்ணாக எழுதி வைக்கிறோம். திரும்ப அந்த எண்களின்படி ஒலிபெருக்கியை நடுங்கவைத்தால் மனிதர் பேசுகிறார். எண் யாருடையது என்று கணினி கேட்காது. அந்தக் கோப்பைப் போட்டேன். முதலில் ஒரு செருமல். பிறகு, "தொடங்கிற்றியோ, மகள்?" என்று ஒரு கரகரத்த குரல். பிறகு பசானின் ஒரு அடி, நல்ல கனமான குரல், அடுத்த அடியில் ஏறப்போகும் இடம். அந்த இடத்தில் சடாரென்று தகரத்தில் மணலைக் கொட்டிய மாதிரி ஓர் இரைச்சல் தொடங்கி, கோப்பு முடியும்வரை போயிற்று. அது புதுப்பித்தலின் எண்கள். அவர் பாடிய இடத்தில் வந்து குடியிருந்தவை. கணினி அவற்றையும் அதே பக்குவத்தோடு பாட்டாக நினைத்து வாசித்தது.

தாயும் மகளும் வந்தார்கள். இருவரும் பஸ்ஸில் பேசிக்கொள்ளவில்லை என்பது வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் கோப்பைப் போட்டேன். "தொடங்கிற்றியோ, மகள்?" என்றபோது தாய் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு தொடங்கியது, இரைச்சல் வந்தது. நான் நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். அவர் விடவில்லை.

"பொறுங்கோ. இனி வருவார்."

முழுவதையும் இருந்து கேட்டார். இரைச்சல் முடிந்து கடை அமைதியானதும் மகளின் பக்கம் திரும்பினார்.

"நீ நூர்க்காமல் விட்டிருந்தா முழுக்கக் கிடைச்சிருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. எந்தெந்த நாளில் எது எழுதப்பட்டது என்று திரையில் இருந்தது. எல்லாம் வயர் பிடுங்குவதற்கு முந்திய நாட்கள். "அக்கா, இஞ்ச பாருங்கோ, இவள் நூத்ததால இல்லை" என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே பிள்ளை என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் அம்மா. நான் நூத்திருக்கக் கூடாது. என்ர பிழை" என்றாள்.

தாய் முகம் கழுவ வெளியே குழாயடிக்குப் போனார். அவள் அவசரமாகச் சொன்னாள்: "சொல்லாதேங்கோ அன்ரி. அம்மாதான் பக்கத்தில படுத்துக் காவல் இருந்தவ. பற்றறி காவிச் சுமந்தவ. அப்பிடி நூராமல் காத்ததாலதான் குரல் போனது எண்டு தெரிஞ்சா அவ உயிரோட இருக்கமாட்டா. என்னோட கோவிச்சுக்கொண்டாவது இருக்கட்டும்."

அந்த அதிபரை, அந்த வாத்தியாரை, இரக்கப்பட்ட கொழும்புப் பெடியனை, எல்லோரையும் கூப்பிட்டு வைத்து வாய் நோகும்வரை ஏசவேண்டும் போல இருந்தது. கேட்க ஒருவரும் இல்லை. முன்னால் நின்றது பதினாறு வயதுப் பிள்ளை மட்டும்தான். மிஞ்சிய குரலை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டேன். தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் பென் டிரைவைப் பிள்ளையிடம் நீட்டினேன். அவர் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அவளிட்டைக் குடுக்காதேங்கோ, தங்கச்சி" என்றார். "இதையும் ஏதாவது செய்துபோடுவாள்."